மர்ஃபி என் கிளைக்கு லோன் கேட்டு வந்திருந்தால்...

மார்ச் முடிந்து, ஆடிட்டும் முடிந்து, இப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிகிறது. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. "என்ன சார், வி.ஆர்.எஸ். வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டீங்களா?" என்று ஒரு நண்பர் மெயில் அனுப்பியிருந்தார். இல்லை ஐயா, இன்னும் போபால்லதான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன் :-)

இந்த முறை வாட்ச் பற்றி ஒரு பதிவு. "இவனுக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்பா காலமான பிறகு அம்மா என்னிடம் கொடுத்தது அவருடைய எச்எம்டி வாட்ச். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய ரகம். தாலுகா ஆபீஸில் 28 வருஷம் அதைக் கட்டிக்கொண்டுதான் போனார். போன தீபாவளி சமயம் ஒரு நாள் காலையில் சாவி கொடுக்கும்போது உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

இங்கே ஒரு பெரிய ஷோரூமுக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் வாட்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதையெல்லாம் இப்ப யாரும் பார்க்கறதில்லை சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றான். அப்பாவோட வாட்சை எக்ஸ்சேஞ்ச்ல போடச் சொல்றான்! திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் ஆபீஸ் மெசஞ்சர் சொல்லி பழைய நகரத்தில் ஒரு சந்துக்குப் போனேன். ஒரு பெட்டிக்கடை அளவு இடம். எழுபது வயசுக்கு மேல் ஒரு பெரியவர், எல்லோரும் சாச்சா என்கிறார்கள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். அரை நிமிஷம்தான். "மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கு சாஹப். அறுந்த வேகத்துல பக்கத்துச் சக்கரத்துல ரெண்டு பல்லும் போயிருக்கு" என்றார். கீழேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே செத்துப்போன எச்எம்டி வாட்சுகளின் உறுப்புகள். அதிலிருந்து ஒரு சக்கரத்தைப் பொறுக்கி எடுத்துப் போட்டார். நாலு நாள் கழித்து வாட்ச் ஓடியது. கூலி 450 ரூபாய்.

இது நடந்த சில நாட்களில்தான், வாட்ச் பற்றிக் கண்டதையும் மேய்ந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் ஆர்ஜிஎம் என்ற சின்னக் கம்பெனியைப் பற்றித் தெரிய வந்தது. ரெண்டு மூணு வாரம் ராத்திரியில் அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா "வாட்ச் வாங்கப் போறீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். வாங்குவதா! அவர்களுடைய சொந்த எந்திரம் போட்ட வாட்ச் விலையில் நான் ஒரு நல்ல கார் வாங்கிவிடலாம். ஆனால் படிக்கக் காசு இல்லையே.

கொஞ்சம் பழைய கதை

இந்தக் கம்பெனியின் டிசைனைப் புரிந்துகொள்ள அமெரிக்க வாட்ச் தொழிலின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். நம்மில் பலர் வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்து, விட்டால் ஜப்பான் என்றே நினைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான்.

1850ல் ஆரன் டெனிசன், எட்வர்ட் ஹோவர்ட் ஆகியோர் மாசசூசெட்ஸில் ஒரு வாட்ச் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1854ல் அது வால்தம் என்ற ஊருக்கு இடம் மாறியது. ஒரு வாட்ச்சின் உறுப்பைக் கழற்றி அதே மாதிரி இன்னொரு வாட்ச்சில் போட்டால் பொருந்த வேண்டும், அதற்கு உறுப்புகளை மெஷினில் செய்ய வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதுவரை சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு கையால் ராவிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். (சாச்சாவின் பிஸ்கட் டப்பா வேலை செய்வதே இந்தத் தத்துவத்தால்தான்.)

1876ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அமெரிக்க வாட்சுகளைப் பார்த்து சுவிஸ்காரர்கள் ஆடிப் போனார்கள். லாஞ்சின் கம்பெனி இன்ஜினியர் ஜாக் டேவிட் அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாமும் மாறாவிட்டால் அழிந்துவிடுவோம் என்கிற தொனியில் நீண்ட அறிக்கை எழுதினார். அவர்கள் கேட்டார்கள், மாறினார்கள்.

அடுத்து ரயில். 1891 ஏப்ரலில் ஓஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய நேரம் தவறிப்போச்சு. டிரைவரின் வாட்ச் நாலு நிமிஷம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு வெப் பால் என்ற கடிகாரக்காரரை வைத்து ரயில்வேக்காரர்கள் வாட்சுகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச வருஷத்தில் ரயில்வே வாட்ச் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் தவறக் கூடாது. குறைந்தது 17 ஜுவல். ஐந்து நிலைகளில் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். வெள்ளை டயல், தடித்த கறுப்பு எண்கள், மூடி இல்லாத முகம்.

அதாவது இன்று நாம் 'அழகான பழைய டிசைன்' என்று ரசிக்கிற அந்த முகம் அழகுக்காக வந்ததே இல்லை. இஞ்சின் குலுக்கலில், ராந்தல் வெளிச்சத்தில், ஒரு டிரைவர் ஒரே பார்வையில் மணி பார்க்க வேண்டும் என்பதற்காக வந்தது. எங்கப்பா வாட்ச்சின் முகமும் கிட்டத்தட்ட அதே ஜாடைதான்.

அந்த டிரைவர்களுக்காகவே வாட்ச் செய்து பெயர் வாங்கிய கம்பெனிகளில் ஒன்று ஹாமில்டன். 1892ல் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் நகரத்தில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பொதுமக்களுக்கு வாட்ச் செய்வதையே நிறுத்திவிட்டு ராணுவத்துக்கும் கப்பல் படைக்கும் செய்தார்கள். 1957ல் உலகத்தில் முதல்முதலாக பேட்டரியில் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான்.

அப்புறம் சரிவு. 1957ல் வால்தம் வாட்ச் செய்வதை நிறுத்தியது. 1969ல் ஹாமில்டனின் அமெரிக்கத் தயாரிப்பு நின்றது. பெயரை சுவிஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். இன்று ஹாமில்டன் என்பது ஸ்வாட்ச் குழுமத்தின் ஒரு சுவிஸ் பிராண்டு. 1876ல் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் நூறு வருஷத்துக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள்.

மர்ஃபி என்ற மனிதர்

ரோலண்ட் ஜி. மர்ஃபி. கம்பெனிப் பெயரில் இருக்கும் மூன்று எழுத்தும் அவருடைய இனிஷியல்தான். லான்காஸ்டரில் இருந்த போமன் தொழிற்பள்ளியில் வாட்ச் வேலை படித்தார். அந்தப் பள்ளி இன்று இல்லை. பிறகு சுவிட்சர்லாந்தில் நியூஷாடெல் போய் மேல்பயிற்சி. திரும்பி வந்து லான்காஸ்டரில் அதே ஹாமில்டன் ஆபீஸில் வேலை. அப்போது அது சுவிஸ் கம்பெனியின் அமெரிக்கக் கிளை மாதிரிதான். 1992ல், அதாவது ஹாமில்டன் தொடங்கி சரியாக நூறாவது வருஷத்தில், சொந்தமாக ஆரம்பித்தார்.

லான்காஸ்டருக்குப் பக்கத்தில் மவுண்ட் ஜாய் என்ற சின்ன ஊர். பட்டறை இருப்பது எங்கே தெரியுமா? ஒரு பழைய பேங்க் கட்டடத்தில்! இதைப் படித்ததும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். நம்ம ஆளுங்க காலி செய்துவிட்டுப் போன இடத்தில் ஒருத்தர் உருப்படியா ஏதோ செய்கிறார் :-)

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது ஒரு டஜன் பேர் அளவிலான பட்டறைதான். வருஷத்துக்குச் சில நூறு வாட்சுகள்தான் வெளியே வருகின்றன.

டிசைன் என்றால் என்ன?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். நமக்கெல்லாம் டிசைன் என்றால் 'புதுசா என்ன இருக்கு' என்பதுதான். கட்டம் போட்டது, கோடு போட்டது, டயலில் வைரம் வைத்தது. மர்ஃபியின் வழி வேறு. அந்த ஊர் என்னென்ன செய்துகொண்டிருந்தது, எது பாதியில் நின்றது என்று பார்த்து, நின்ற இடத்திலிருந்து தொடர்வது.

2007 வாக்கில் அவர்கள் தங்கள் முதல் சொந்த எந்திரத்தை வெளியிட்டார்கள். பெயர் கேலிபர் 801. (பட்டறையின் கதவிலக்கமும் 801தான்.) அதைத் திருப்பிப் பார்த்தால் பின்கண்ணாடி வழியாக விரல்கள் நீட்டினாற்போல சில பாலங்கள் தெரியும். சக்கரங்களின் அச்சைத் தாங்கும் தகடுகளைத்தான் பாலம் என்கிறேன். அந்த வடிவம் 1912ல் எட்வர்ட் ஹோவர்ட் பெயரில் வந்த ஒரு உயர்ந்த ரக பாக்கெட் வாட்ச்சிலிருந்து எடுத்தது. சாவி கொடுக்கும் சக்கரத்தின் பற்கள் ஓநாய்ப் பல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதுவும் பழைய பாக்கெட் வாட்ச் வழக்கம்தான். எந்திரம் வினாடிக்கு ஐந்து துடிப்பு. இன்றைய வாட்சுகள் பலவும் எட்டு துடிக்கும். எந்திரத்தின் குறுக்களவே 37 மில்லிமீட்டர் என்பதால் வாட்ச்சும் பெரிசாகவே வந்துவிடுகிறது. இவ்வளவு பெரிசா என்றால், பாக்கெட் வாட்ச் பரம்பரை, அப்படித்தான் இருக்கும்.

2012ல் கம்பெனியின் இருபதாவது ஆண்டுக்கு இன்னொரு எந்திரம் செய்தார்கள். அதில் இருப்பது மோட்டார் பேரல் என்ற அமைப்பு. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு சின்ன உருளைக்குள் மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும். சாதாரண வாட்ச்சில் நடுவில் இருக்கும் அச்சைத் திருகிச் சாவி கொடுக்கிறோம், உருளை சுழன்று மற்ற சக்கரங்களை ஓட்டுகிறது. மோட்டார் பேரலில் அப்படியே தலைகீழ். உருளையைத் திருகிச் சாவி கொடுக்கிறோம், அச்சு சுழன்று ஓட்டுகிறது. அச்சின் முனைகளை ஜுவலில் உட்கார வைக்கலாம், உராய்வு குறையும். ரயில்வே வாட்ச் காலத்தில் அமெரிக்கர்கள் போட்டுப் பழகியது. தொழிற்சாலைகளோடு இதுவும் போனது. அதைத் தோண்டி எடுத்துக் கைக்கடிகாரத்தில் வைத்தார் மர்ஃபி.

இதே மாதிரி அந்தக் காலத்து அமெரிக்க வாட்ச்சில் இன்னொரு ஏற்பாடு இருந்திருக்கிறது. மெயின் ஸ்பிரிங் அறுந்தால் அந்த வேகம் சக்கரப் பற்களை உடைக்காமல் இருக்க, நடுப் பல்சக்கரம் தானாகக் கழன்றுகொள்ளும். அப்பா வாட்ச்சில் ரெண்டு பல் போனது ஞாபகம் வந்தது. 'டக்'கென்று கேட்ட அந்தச் சத்தத்துக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே எவனோ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்!

டயல் வேலையையும் சொல்ல வேண்டும். கில்லோஷே என்று ஒரு கலை. வெள்ளித் தகட்டில் பின்னல் மாதிரி, அலை மாதிரி நுணுக்கமான கோடுகளைச் செதுக்குவது. அதற்கு ரோஸ் இஞ்சின் என்று கையால் சுற்றும் பழைய மெஷின். வளைவு நெளிவான ஒரு தட்டு, செதுக்க வேண்டிய தகட்டை முன்னும் பின்னும் அசைத்துக்கொடுக்கும். ஒரு கை சுற்ற வேண்டும், இன்னொரு கை உளியின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடு கோடாகப் போகணும். கடைசிக் கோட்டில் கை தவறினாலும் தகடு குப்பைக்கு. அச்சு வைத்துப் பிரஸ்ஸில் அடித்தால் சில வினாடியில் கிட்டத்தட்ட அதே மாதிரி வந்துவிடும், மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. ஆனால் செதுக்கிய கோட்டின் ஓரம் கூர்மையாக நின்று வெளிச்சத்தை வெட்டும். ஆர்ஜிஎம்மில் அந்தப் பழைய மெஷின்களைத் தேடி வாங்கி, சரிசெய்து, பட்டறையிலேயே செதுக்குகிறார்கள்.

இனி பேங்க் வேலை

இதையெல்லாம் படித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு கற்பனை. 1992ல் மர்ஃபி என் டேபிளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து லோன் கேட்டிருந்தால்?

"சார், என்ன தொழில்?"

"வாட்ச்."

"இந்த ஊர்ல வாட்ச் கம்பெனி மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே?"

"அதனாலதான் ஆரம்பிக்கிறேன்."

அங்கேயே பேனாவை மூடி வைத்திருப்பேன். சரி, தொடர்வோம். ஐந்து வருஷத்துக்கு விற்பனை எவ்வளவு கூடும்? பெரிசா கூடாது. எத்தனை பேருக்கு வேலை? கை விட்டு எண்ணலாம். சொந்த எந்திரம் எப்போது வரும்? பதினைந்து வருஷம் கழித்து! பதினைந்து வருஷ மொரட்டோரியத்துக்கு எந்த சர்க்குலரில் இடம் இருக்கு?

அதைவிட முக்கியம் ஸ்டாக். ஆர்ஜிஎம்மில் ஒரு மாடல் வரிசை இருக்கிறது. லான்காஸ்டரில் அந்தக் காலத்தில் செய்த ஹாமில்டன் பாக்கெட் வாட்ச் எந்திரங்களையே எடுத்து, பழுது பார்த்து, மெருகேற்றி, கைக்கடிகாரமாக்கி விற்கிறார்கள். நம்ம ஸ்டாக் ஆடிட்டர் போய்ப் பார்த்தால் என்ன எழுதுவார்? "எழுபது எண்பது வருஷமாக நகராத சரக்கு. மதிப்பு பூஜ்யம்." அங்கே அதுதான் மூலப்பொருள். சாச்சாவின் பிஸ்கட் டப்பா மாதிரி.

மர்ஃபி எப்படித் தாக்குப்பிடித்தார் என்று பார்த்தால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பதினைந்து வருஷமும் சுவிஸ் எந்திரங்களை வாங்கிப் போட்டுத்தான் வாட்ச் விற்றார். கூடவே பழைய வாட்சுகளைப் பழுது பார்க்கும் வேலை. அதில் வந்த காசும் அதில் கற்ற பாடமும்தான் 801 ஆனது. நூறு வருஷத்துப் பழைய எந்திரத்தைத் திறந்து மூடியவனுக்குத்தான் எது தேயும், எது தேயாது என்று தெரியும்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஒரு ஆள் நிஜமாகவே என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் பனாரஸில் போஸ்டிங். ஒரு தபலா செய்பவர் வந்தார். தாத்தா காலத்திலிருந்து அதே தொழில். கேட்டது ரெண்டு லட்சம். எதற்கு? ஷீஷம் மரம் வாங்கிப் போட. மரம் நன்றாகக் காய வேண்டும், காயாத மரத்தில் செய்தால் வெடித்துவிடும். அப்போ மூணு நாலு வருஷம் சரக்கு சும்மா கிடக்குமா என்றேன். ஆமாம் என்றார். விற்பனை எவ்வளவு கூடும் என்றேன். கூடாது என்றார். "கொஞ்சம் ஏத்திப் போடுங்க பண்டிட்ஜி, எதிர்பார்க்கும் டர்ன்ஓவரில் 20 சதவீதம் கொடுக்கலாம்" என்று நானே வழி சொன்னேன். அவர் சிரித்தார். "பத்து ஆளை வச்சு நிறையப் பண்ணலாம் சாஹப், ஆனா அது என் தபலாவா இருக்காது" என்றார். ஃபைலை ரிஜெக்ட் செய்தேன். 'வளர்ச்சிக்கு வாய்ப்பில்லை' என்று என் கையால் எழுதினேன். அன்று சாயங்காலம் நிம்மதியாகத்தான் டீ குடித்தேன்.

விதிப்படி நான் செய்தது தப்பில்லை. மக்கள் பணம், கண்டபடி கொடுக்க முடியாதுதான். ஆனால் அவர் பொய் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், உண்மை சொன்னதால் கொடுக்கவில்லை. மர்ஃபியைப் பற்றிப் படித்தபோது இதுதான் உறுத்தியது. அதே அளவில், அதே தரத்தில் முப்பது வருஷம் நிற்பதும் ஒரு வெற்றிதான் என்று எழுத எங்கள் ஃபாரத்தில் கட்டமே இல்லை.

உண்மை விலை போகுமா?

உண்மை என்றதும் இன்னொன்று. டெட்ராய்ட்டில் ஷைனோலா என்று ஒரு கம்பெனி 2011ல் தொடங்கியது. அது ஒரு பழைய ஷூ பாலிஷ் பிராண்டின் பெயர். பெரிய முதலீடு, பிரமாதமான கடைகள், 'அமெரிக்கா இங்கேதான் தயாராகிறது' என்கிற பாணியில் விளம்பரம். எந்திரத்தின் உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வந்தன, டெட்ராய்ட்டில் கோர்த்தார்கள். 2016ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டது. அமெரிக்கத் தயாரிப்பு என்று சொல்ல வேண்டுமானால் 'முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும்' அங்கே செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. விளம்பர வாசகத்தை மாற்றி, சுவிஸ் மற்றும் இறக்குமதி உறுப்புகள் என்று சேர்த்துப் போட ஒப்புக்கொண்டார்கள்.

ஷைனோலாவைத் திட்ட நான் வரவில்லை. நொடிந்துபோன ஒரு நகரத்தில் நிறையப் பேருக்கு வேலை கொடுத்தார்கள், வேலை கற்றும் கொடுத்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அங்கே முதலில் வந்தது கதை, பின்னால் வந்தது வாட்ச். ஆர்ஜிஎம்மில் இது தலைகீழ். எந்த மாடலில் சுவிஸ் எந்திரம், எதில் சொந்த எந்திரம் என்று பிரித்தே சொல்கிறார்கள். சொந்த எந்திரத்திலும் ஹேர் ஸ்பிரிங், ஜுவல் மாதிரி சிலவற்றை வெளியேதான் வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாமே நானே செய்தேன் என்று சொல்லிவிட்டால் விலை இன்னும் ஏறும், ஆனால் சொல்வதில்லை. ஒரு பேங்க்காரனுக்கு இதைவிட நல்ல பாலன்ஸ் ஷீட் கிடையாது.

எனக்குள்ள ஆட்சேபணைகள்

ஒரேயடியாகப் புகழ்ந்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். எனக்கும் ரெண்டு குறை உண்டு.

ஒன்று, விலை. ரயில்வே வாட்ச் என்பது உழைக்கிறவனின் கருவி. டிரைவர் மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினான். இன்று அதே முகத்தோடு வரும் வாட்ச் பணக்காரரின் அலமாரிக்குப் போகிறது. 2010ல் வந்த அவர்களுடைய பென்சில்வேனியா டூர்பியோனின் விலை லட்சம் டாலருக்குப் பக்கத்தில். சில நூறு பேருக்காகச் செய்யும் பொருளை 'மரபைக் காப்பாற்றுவது' என்று சொல்லலாமா என்று கேட்டால், என்னிடம் முழு பதில் இல்லை. எப்படியும் ஒரு ஊரில் அந்தக் கைவேலை சாகாமல் இருக்க யாராவது ஒருத்தர் அதற்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். நம்ம ஊர் ஸ்தபதிகளுக்கும் பட்டு நெசவாளிகளுக்கும் இதே கதைதானே.

இரண்டு, எத்தனை நாளைக்குப் பழசையே பார்த்துக்கொண்டிருப்பது? 1850ன் டெனிசனும் ஹோவர்டும் பழசைப் பார்த்துச் செய்யவில்லை, அவர்கள் காலத்தின் புது மெஷினைத்தான் நம்பினார்கள். அந்தத் துணிச்சல் மர்ஃபியின் டிசைனில் குறைவு என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நூல் அறுந்துபோன இடத்தில் முதல் வேலை முடிச்சுப் போடுவதுதான். புது நெசவு அடுத்த தலைமுறைக்கு.

நம்ம பக்கம்

நமக்கும் ஒரு ஹாமில்டன் இருந்தது. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை. பாஸ் பண்ணினால் எச்எம்டி, வேலை கிடைத்தால் எச்எம்டி, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு எச்எம்டி. 1984ல் டாடாவும் நம்ம தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் வாட்ச் செய்து சந்தையைப் பிடித்தது. டைட்டனைக் குறை சொல்ல முடியாது, 2002ல் மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் எட்ஜ் செய்து காட்டியவர்கள். காலம் மாறியபோது எச்எம்டி மாறவில்லை. 2016ல் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

தொழிற்சாலை மூடினதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் நஷ்டக் கணக்கைப் பார்த்த பேங்க்காரனாக ஆச்சரியம் இல்லை. என் கேள்வி வேறு. லான்காஸ்டரில் தொழிற்சாலை மூடிய பிறகும் அங்கே ஒரு பள்ளி இருந்தது, அதில் ஒரு மர்ஃபி படித்தார். தொழிற்சாலையைவிட அந்த ஒரு பள்ளிதான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. நம்ம பக்கம் எச்எம்டியில் வேலை கற்ற கைகள் யாருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தன?

போன வாரம் சாச்சா கடைக்கு மறுபடி போனேன். வாட்ச் நன்றாக ஓடுகிறது, நாளைக்கு அரை நிமிஷம் முந்துகிறது, அவ்வளவுதான். சும்மா பார்க்கத்தான் போனேன். உங்களுக்கு அப்புறம் கடையை யார் பார்த்துக்குவாங்க என்று கேட்டேன். பையன் மெயின் ரோட்டில் மொபைல் கவர் விற்கிறானாம், நல்லா சம்பாதிக்கிறானாம். "இந்த டப்பா கபாடிக்குத்தான் சாஹப்" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "அப்படிப் போடறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

லென்ஸைக் கழற்றாமலே நிமிர்ந்து பார்த்தார். "டப்பாவை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? கை வேணுமே" என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது பீரோவைத் திறந்து பாருங்கள். அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒரு வாட்ச் நின்றுபோய்க் கிடக்கும். ஷோரூமுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரிலோ சொந்த ஊரிலோ ஒரு பழைய கைக்காரர் இருப்பார், அவரிடம் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். முடிந்தால், யாருக்காவது சொல்லித் தருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஊர்ப் பெயரோடு பின்னூட்டத்தில் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

பி.கு: பனாரஸ் கிளையில் இப்போது இருக்கும் மேனேஜர் எனக்குத் தெரிந்தவர். போன் போட்டு அந்த தபலாக்காரரைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். தகவல் வந்தால் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.